சில்வியம்மாவின் ஐந்தாவது படமும் என் இரண்டு கைகளும்

கயல், இனியன், ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் உங்களோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் எல்லாரும் கேளுங்கள். நான் காரைக்காலிலிருந்து திரும்புவதற்கு முன்னாலேயே நீங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டீர்களாம்: "எங்கப்பா இனிமே கேமராமேன்." திரும்பி வந்ததும் டீச்சர் என்னைப் பிடித்துக்கொண்டார். "கேமராமேன் சார், பயணத்தைப் பத்தி நம்ம ஆண்டு மலருக்கு எழுதிக் குடுங்க" என்றார். நான் பத்தாவது வரை படித்தவன், வேன் ஓட்டுகிறவன். கட்டுரை எழுதிப் பழக்கமில்லை. ஆனால் நடந்ததை நடந்தபடி எழுதாவிட்டால், நீங்கள் கிளப்பிவிட்ட செய்தி இன்னும் வளர்ந்துவிடும். அந்தப் பயத்தில்தான் எழுதுகிறேன்.

முதலில் சில்வியம்மா யார் என்று மற்ற பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். பாரிசுக்கு வெளியே சினிமா கேமராக்களை வாடகைக்குக் கொடுக்கும் இடத்தில் எனக்கு வேலை. பதினாறு வருஷமாகக் கேமராப் பெட்டிகளை வேனில் ஏற்றுகிறேன், இறக்குகிறேன். பெட்டிக்குள் இருப்பதைத் தொட்டதில்லை. அந்தப் பெட்டிகளோடு அடிக்கடி என் பக்கத்து சீட்டில் ஏறி உட்காருகிறவர் சில்வியம்மா. அவர் ஒளிப்பதிவாளர். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஒரு தோள் மற்றத் தோளைவிடத் தாழ்ந்திருக்கும். அத்தனை வருஷம் கேமரா சுமந்த தோள் அது.

அவர் கதையை டிராஃபிக்கில் நிற்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டிருக்கிறேன். பத்தொன்பது வயதில் கேமரா ஸ்டாண்டைத் தூக்குகிற வேலையில் சேர்ந்தாராம். அப்புறம் பிலிம் மாட்டுகிற வேலை. வெளிச்சம் பட்டால் பிலிம் கெட்டுவிடும் என்பதால், ஒரு கறுப்புத் துணிப்பைக்குள் கையை விட்டு, கண்ணால் பார்க்காமல் விரலாலேயே மாட்ட வேண்டும். பிறகு ஒன்பது வருஷம், படம் மங்கலாக விழாமல் இருக்க, கேமராவிலிருந்து நடிகரின் மூக்குவரை டேப் வைத்து அளக்கிற வேலை. "எத்தனை பெரிய மூக்குகளை அளந்திருக்கிறேன் தெரியுமா?" என்பார். அதற்கப்புறம்தான் கேமராவுக்குப் பின்னால் நின்றார். முப்பது வருஷம் மற்றவர்களுடைய கதைகளைப் படம் பிடித்தார். ஐம்பது வயதுக்கு மேல் அதற்கிடையிலேயே தானே குறும்படம் எடுக்க ஆரம்பித்தார். நாலு படம். இஸ்திரி போடுகிற பெண்ணின் கைகளைப் பற்றி ஒன்று, காய்கறிச் சந்தையின் தார்ப்பாயில் தேங்கிய மழைத் தண்ணீரைப் பற்றி ஒன்று, இப்படி. ஏனம்மா இவ்வளவு சின்னதாக எடுக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "நான் சொல்ல வேண்டியது அதற்குள் அடங்கிவிடுகிறது" என்றார். ஒரு படத்துக்குக் கண்ணாடியில் கோப்பை கொடுத்திருக்கிறார்கள். அவர் வீட்டு அடுப்படியில் அதில் கரண்டிகளைப் போட்டு வைத்திருக்கிறார்.

எங்கள் ஊர் மாங்கனித் திருவிழாவைப் பற்றி அவரிடம் சொன்னது நான்தான். பிச்சைக்கு வந்த சிவனுக்கு, வீட்டிலிருந்த மாம்பழத்தை எடுத்துப் போட்ட அம்மையாரின் கதை. ஆனி மாதப் பௌர்ணமியன்று அந்தச் சாமி ஊர்வலமாக வரும்போது, வேண்டுதல் நிறைவேறியவர்கள் மாடியிலிருந்து கூடை கூடையாக மாம்பழத்தை வீசுவார்கள். கீழே ஊரே கையை நீட்டிக்கொண்டு நிற்கும். "வானத்திலிருந்து மாம்பழமா?" என்று கேட்டார். அன்றிலிருந்து எட்டு வருஷம் வேனில் ஏறும்போதெல்லாம் அதே கேள்வி. இந்த வருஷம், "என் ஐந்தாவது படம் அதுதான். நீயும் வருகிறாய்" என்று சொல்லிவிட்டார்.

டிக்கெட், விமானம் எல்லாம் எழுதப்போவதில்லை. எல்லாருடைய விமானமும் ஒரே மாதிரிதான் பறக்கிறது. நேராகக் காரைக்காலில் இறங்குவோம்.

எங்களைக் கூப்பிட வந்தவன் ஜக்கரியா. பக்கத்து நெரவிப் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், துபாயில் பதினோரு வருஷம் லாரி ஓட்டிவிட்டு இப்போது சொந்தமாகக் கார் வைத்திருக்கிறான். சில்வியம்மாவைப் பார்த்ததும் மார்பில் கை வைத்து, "வாங்கம்மா! சலாம், போன்ஜூர், வணக்கம், எது வேணுமோ எடுத்துக்கங்க!" என்றான். அவர் மூன்றையும் எடுத்துக்கொண்டு மூன்றையும் திருப்பிச் சொன்னார். அவ்வளவுதான், ஆறு நாளும் என்னை இரண்டு பேரும் கண்டுகொள்ளவில்லை.

டீக்கடையில் நின்றோம். டீ ஆற்றுகிறவர் இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு ஒரு முழ நீளத்துக்கு டீயை இழுத்தார். சில்வியம்மா கேமராவை எடுத்துவிட்டார். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று சைகை காட்டினார். பத்து தடவைக்கு மேல் போனதும் டீக்காரர், "அம்மா, இது டீயா இருந்த காலம் போச்சு. இன்னும் ஆத்துனா ஐஸாயிரும்" என்று கிளாசை மேசையில் வைத்துவிட்டார்.

அதை நான் பிரெஞ்சில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்து பெஞ்சில் கைலி கட்டிய ஒரு பெரியவர் பேப்பரைக் கீழே இறக்கினார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். இவர் ஒரு சொல்தா. "தம்பி, நீ பேசுறது பிரெஞ்சா? இப்பல்லாம் அங்க இப்படித்தான் பேசுறாங்களா?" என்று கேட்டார். பிறகு சில்வியம்மா பக்கம் திரும்பி, தண்ணீர் ஓடுகிற மாதிரி பிரெஞ்சு பேசினார். காரில் ஏறியதும் சில்வியம்மா, "உன்னுடையதைவிட நன்றாக இருக்கிறது" என்றார். இருபது வருஷம் அங்கே குடியிருந்து, கடைசியில் காரைக்கால் டீக்கடையில் எனக்கு மார்க் குறைந்துவிட்டது.

இரண்டாம் நாள் விடியலில் கடலைப் படம் எடுக்க வேண்டும் என்றார் சில்வியம்மா. கோட்டுச்சேரிமேட்டுக்குப் போனோம். படகுகள் கரைக்கு வந்துகொண்டிருந்தன. நான் ரோட்டிலேயே காரை நிறுத்தச் சொன்னேன். ஜக்கரியாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "பாலைவனத்துலயே ஓட்டுனவன்டா நான்" என்று மணலுக்குள் இறக்கினான். பத்து அடி போனது. பிறகு முன்சக்கரங்கள் இரண்டும் பாதிவரை உள்ளே போய், கார் சிரம் தாழ்த்தி வணக்கம் சொல்வதுபோல் நின்றது.

மீன் கூடையோடு நின்ற ஒரு அக்கா, "என்ன பாய், காரு கடல்ல மீன் புடிக்கவா வந்துச்சு?" என்று கேட்டார். படகுகளைக் கரையேற்றுகிற டிராக்டர்காரர் கயிற்றோடு வந்தார். நாங்கள் பத்துப் பேர் பின்னால் தள்ளினோம். என் வாயெல்லாம் மணல். நிமிர்ந்து பார்த்தால் சில்வியம்மா முழங்கால் தண்ணீரில் நின்று எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டிருக்கிறார். கரையில் இருந்த நாய் ஒன்று அவரைப் பார்த்து விடாமல் குரைத்தது. அவர் திரும்பவே இல்லை.

கார் வெளியே வந்த பிறகு பேன்டை மடித்துக் கெண்டைக்காலைக் காட்டினார். நாலு பல் பதிந்த தழும்பு. ஒரு படப்பிடிப்பில் கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போது நாய் வந்து கவ்விவிட்டதாம். கதாநாயகி அழுகிற காட்சி. இவர் கையை ஆட்டவில்லை. "அந்தப் படத்தைப் பார். எந்த இடத்தில் நாய் கடித்தது என்று உன்னால் சொல்ல முடியாது" என்றார். ஜக்கரியாவுக்கு மொழிபெயர்த்தேன். அவன் தழும்பை உற்றுப் பார்த்துவிட்டு, "மாப்ள, இவங்கள வச்சுக்கிட்டு நாம ஒழுங்கா இருக்கணும்டா" என்றான்.

அன்று சாயங்காலம் ஜக்கரியாவின் வீட்டில் வாடா சுட்டுத் தந்தார்கள். வடை இல்லை, வாடா. வட்டமாகத் தட்டிய அரிசிமாவு, நடுவில் வெங்காயம், மேலே முழு இறால். சில்வியம்மா ஏழு சாப்பிட்டார். உங்களை நினைத்து நானும் ஏழு சாப்பிட்டேன்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவியதும் அவர் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்தார். உள்ளே உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய கேமரா. கழுத்தில் மாட்டிக்கொள்ள வார் இருந்தது. அதை என் பக்கம் தள்ளினார்.

"திருவிழா அன்று நான் மாடியில் பெரிய கேமராவோடு இருப்பேன். நீ கீழே கூட்டத்தில் இதோடு நிற்பாய். ஒரு மாம்பழம் மாடியிலிருந்து கிளம்பி, நேராக லென்சை நோக்கி வர வேண்டும். பெரிதாகி, பெரிதாகி, திரை முழுக்க மாம்பழம். அங்கே என் படம் முடிகிறது. என் முழங்கால் அடுத்த வருஷம் மாடி ஏறுமா என்று தெரியாது. அதனால் ஒரே நாள், ஒரே வாய்ப்பு. இரண்டு கையும் கேமராவில். என்ன நடந்தாலும். கடைசியில் எழுத்து ஓடும்போது கேமரா என்ற இடத்தில் என் பெயருக்குக் கீழே உன் பெயர் வரும்."

பதினாறு வருஷம் பெட்டி தூக்கியவனிடம் இதைச் சொன்னால் எப்படி இருக்கும்? உடனே உங்களுக்குப் போன் செய்தேன். நீங்கள் உடனே ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டீர்கள்.

மறுநாள் நெரவியில் ஒத்திகை. வயலில் ஒரு மோட்டார் கொட்டகை. ஜக்கரியா அதன் மேல் ஏறிக்கொண்டான். நான் கீழே கேமராவோடு அண்ணாந்து நின்றேன். அவன் மாங்காயைப் போட்டான். முதல் மாங்காய்க்குக் கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டாவதுக்கு உட்கார்ந்துவிட்டேன். மூன்றாவது தோளில் விழுந்தது. நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "ஏன் பாய், அவரு என்ன தப்பு பண்ணாரு?" என்று ஒருவர் கேட்டார். "கேமராமேன் ஆகுறாருக்கா!" என்று ஜக்கரியா கத்தினான். "அதுக்கு இப்படித்தான் அடிப்பாங்களா?" என்று இன்னொருவர் கேட்க, வயலே சிரித்தது.

ஆனால் பதினைந்தாவது மாங்காய்க்கு என் கை கல் மாதிரி நின்றது. மாங்காய் லென்சுக்கு ஒரு சாண் தள்ளிப் பறந்து போனது, நான் அசையவில்லை. சில்வியம்மா கட்டைவிரலை உயர்த்தினார். நாயே வந்து கவ்வினாலும் சரி என்று நினைத்துக்கொண்டேன்.

நாலாம் நாள் திருநள்ளாறு போகலாம் என்று கிளம்பி, சனிக்கிழமைக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு பாதி வழியில் திரும்பினோம். காரை அசைய விடாமல் நின்ற ஒரு எருமையைத்தான் அன்றைக்கு எடுத்தார். ரொம்ப அழகான எருமை என்றார்.

திருவிழா நாள் வந்தது. கோயில் வீதியில் ஒரு மாடி வீடு ஜக்கரியாவுக்குத் தெரிந்த காந்திமதி அக்காவுடையது. அக்காவின் மகளுக்கு ஒன்பது வருஷம் கழித்து இந்த வருஷம்தான் குழந்தை பிறந்திருக்கிறது. அதற்கான வேண்டுதல். மாடியில் மூன்று பெரிய கூடை மாம்பழம். சில்வியம்மா வெயிலுக்கு வெள்ளைத் தொப்பியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு படியாக, முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினார். "பாத்து ஏறுங்கம்மா, நம்ம வீடுதான்" என்று அக்கா பின்னாலேயே போனார்.

கீழே வீதியில் எள் போட இடமில்லை. குடையைத் தலைகீழாக விரித்துப் பிடித்தவர்கள், முந்தானையை ஏந்தியவர்கள், தோளில் குழந்தையோடு நின்றவர்கள். என் பக்கத்தில் ஜக்கரியா ஹெல்மெட் போட்டுக்கொண்டு நின்றான். "சிரிக்காதடா. போன வருஷம் ஒரு பங்கனப்பள்ளி மண்டையில விழுந்துச்சு, ரெண்டு நாளு வாப்பா பேரே மறந்துபோச்சு."

தூரத்தில் மேளம். சப்பரம் தெரு முனையில் திரும்பியது. முதல் மாடியிலிருந்து மாம்பழம் கிளம்பியது. பிள்ளைகளே, அதை எப்படிச் சொல்வது? மஞ்சள் மஞ்சளாக வானத்தில் எழும்பி, ஒரு கணம் அங்கேயே யோசித்து நின்று, பிறகு விழும். தெரு முழுக்க ஒரே "ஹோ". நம் ஊர்ப் பூங்காவில் பிள்ளைகள் ஒரு பந்துக்குக் கை நீட்டுவார்கள். இங்கே போலீஸ்காரர்கூடத் தொப்பியைக் கழற்றி நீட்டினார். நான் கேமராவை இரண்டு கையாலும் பிடித்து அண்ணாந்தேன். படம் பதிவாகிறது என்று சிவப்பு விளக்கு எரிகிறது. சாமி நாங்கள் நின்ற வீட்டுக்கு நேரே வந்துவிட்டது.

காந்திமதி அக்கா வீட்டு மாடியிலிருந்து ஒரு மாம்பழம் கிளம்பியது. லென்சை நோக்கி நேராக வந்தது. சில்வியம்மா சொன்ன அதே கோடு.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். காரைக்காலில் பிறந்தவர்களுக்கு, நடக்கப் பழகும் முன்னாலேயே வீட்டில் சொல்லிக் கொடுப்பது ஒன்று உண்டு: அம்மையார் மாம்பழம் தரையில் விழக்கூடாது, காலில் மிதிபடக்கூடாது. உன்னை நோக்கி வந்தால் அது உனக்கு வந்தது. நெரவியில் ஜக்கரியா போட்டது வெறும் மாங்காய். அதற்கு என் கை கல்லாக நிற்கும். இது அந்த மாம்பழம்.

நான் எதையும் முடிவு செய்யவில்லை. கை போய்விட்டது. இரண்டு கையும். கேமரா வாரில் தொங்கி என் வயிற்றில் விழுந்தது. மாம்பழம் 'பொத்' என்று உள்ளங்கையில் உட்கார்ந்தது. நானும் எல்லாரோடும் சேர்ந்து "ஹோ" என்று கத்தினேன், கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அதற்கப்புறம்தான் என் கையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று புரிந்தது. சப்பரம் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது.

திரும்பி வரும்போது காரில் நான் மடியில் இருந்த மாம்பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சில்வியம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். மாடியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார், கோபத்தில் இருக்கிறார் என்று நினைத்தேன். ஜக்கரியா கண்ணாடி வழியே எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "என்னங்க இது, துக்கம் விசாரிச்சுட்டு வர்ற மாதிரி வர்றீங்க? மாம்பழந்தான் கெடைச்சுச்சுல்ல?" என்றான். அவன் மடியில் ஹெல்மெட் நிறைய மாம்பழம்.

அன்று நீங்கள் போன் செய்தபோது நான் எடுக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

மறுநாள் காலை ஜக்கரியா வீட்டுக் கூடத்தில், ஒரு தட்டு வாடாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சில்வியம்மா கம்ப்யூட்டரைத் திறந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன்: "அம்மா, நான் கையை விட்டுவிட்டேன்." அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "முதலில் பார்ப்போம்" என்றார்.

கீழ்க் கேமரா எடுத்தது ஓடியது. வானம், மாடியின் விளிம்பு, மாம்பழம் கிளம்புகிறது. பிறகு எல்லாம் ஒரு குலுக்கு. நான் தலையைக் குனிந்துகொண்டேன். "பார்" என்றார். பார்த்தேன். நீங்கள் இரண்டு பேரும் கேலி செய்யும் என் தொப்பை இருக்கிறதே, கேமரா அதன் மேல் மல்லாந்து படுத்து, வானத்தைப் பார்த்து ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. திரையில் என் தாடை. அதற்கு மேலே இரண்டு கைகள். கைகளுக்கு மேலே வானம். வானத்திலிருந்து மாம்பழம் வந்து கைக்குள் உட்காருகிறது.

ஜக்கரியாதான் முதலில் கவனித்தான். "மாப்ள, கொஞ்சம் பின்னாடி போகச் சொல்லு. மாடியில யாருடா அது?"

பின்னால் போட்டார். மாம்பழம் கிளம்புகிற இடத்தில், காந்திமதி அக்காவுக்குப் பக்கத்தில், வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் இரண்டு கையையும் தலைக்கு மேலே வீசிக்கொண்டு நிற்கிறார்.

"அப்படியானால் மேலே கேமராவில் யார் இருந்தது?" என்று கேட்டேன்.

சில்வியம்மாவின் முகம் காது மடல்வரை சிவந்துவிட்டது. பெரிய கேமரா எடுத்ததைப் போட்டார். மாடிக் கைப்பிடிச் சுவர். கீழே கூட்டம். கேமரா அசையவில்லை, ஏனென்றால் அதைப் பிடித்துக்கொண்டு யாரும் இல்லை. காந்திமதி அக்காவின் குரல் கேட்கிறது: "வீட்டுக்கு வந்தவங்க சும்மா நிக்கக்கூடாதும்மா, இந்தாங்க, நீங்களும் போடுங்க." ஓரத்தில் ஒரு கை வருகிறது. கைக்கடிகாரம் கட்டிய வெள்ளைக் கை. முப்பது வருஷமாக எந்தப் படத்துக்குள்ளும் வராத கை. அது ஒரு மாம்பழத்தை வீசுகிறது. "இன்னும் நல்லா வீசுங்கம்மா!" என்கிறார் அக்கா. ஒரு சிரிப்பு கேட்கிறது. பதினாறு வருஷம் பக்கத்து சீட்டில் அவரை உட்கார வைத்து ஓட்டியிருக்கிறேன், அந்தச் சிரிப்பை அதுவரை கேட்டதில்லை.

"நேற்று முழுக்க இதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்" என்றார்.

நான் ஜக்கரியாவுக்குச் சொன்னேன். அவன் தொடையில் அடித்துக்கொண்டு, "நாயி கடிச்சப்ப விடாதவங்க, மாம்பழத்துக்கு விட்டுட்டாங்களா!" என்று கத்தினான். அதை நான் பிரெஞ்சில் சொன்னதும் சில்வியம்மாவுக்கு வாடா புரையேறிவிட்டது. தலையில் தட்டி, தண்ணீர் கொடுத்து, மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். பிறகு அந்த மாம்பழத்தை எடுத்தோம். "நான் போட்டது, நீ பிடித்தது, ஜக்கரியா அறுக்கட்டும்" என்றார். முழங்கைவரை சாறு வழியச் சாப்பிட்டோம். எங்களுக்கு ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்பீர்கள். அது நம் வீடு வந்து சேரும்வரை தாங்காது. உண்மையைச் சொன்னால் அரை மணிநேரம்கூடத் தாங்கவில்லை.

போன வாரம் சில்வியம்மா என்னைத் தன் வீட்டு அடுப்படிக்குக் கூப்பிட்டு, கரண்டிக் கோப்பைக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டரை வைத்துப் படத்தைப் போட்டுக் காட்டினார். ஆறு நிமிஷம். டீ நீளமாக இறங்குகிறது, கார் மணலுக்கு வணக்கம் சொல்கிறது, எருமை பார்க்கிறது. கடைசியில் ஒரு கை வீசுகிறது, இரண்டு கை பிடிக்கிறது. திரை முழுக்க மாம்பழம் வரவில்லை. அவர் அதைத் தேடவும் இல்லை.

பிறகு எழுத்து ஓடியது. கேமரா என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. அவர் பெயரும் இல்லை. "அந்த நேரத்தில் கேமராவை யாருமே பிடிக்கவில்லையே. பொய் எழுதக்கூடாது" என்றார். அதற்குக் கீழே, நடித்தவர்கள் என்ற இடத்தில், 'கைகள்' என்று போட்டு இரண்டு பெயர். முதலில் அவருடையது. அடுத்தது என்னுடையது.

ஆகவே கயல், இனியன், பள்ளியில் சொன்னதைத் திருத்திச் சொல்லிவிடுங்கள். உங்கள் அப்பா கேமராமேன் இல்லை, நடிகர். முகம் வராது, தாடை கொஞ்சம் வரும். டீச்சரிடம் நீங்களே சொல்லுங்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது.